பெரிய கட்டையைப் பலகையாக அறுக்கும்போது: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைக் கண்டுபிடிக்கும் வழி

பினாங்குத் தீவின் ஜெலுத்தோங்கில் ஒரு பழைய வீட்டு வாசலில் நின்ற, வேங்கை இனத்து அங்சானா மரத்தை வெட்டினார்கள். அதன் அடிக்கட்டை 9 அடி நீளம், 34 அங்குலக் குறுக்களவு. பச்சை மரம் என்பதால் ஒரு டன்னுக்கு மேல் எடை. பாலத்தைக் கடந்து, சுங்கை பக்காப்பில் இருக்கும் என் கொட்டகைக்கு லோரியில் வந்து இறங்கியது. செயின்சாவில் அறுத்த முதல் பலகை அழகாக வந்தது. இரண்டாவது பலகை ஓரங்களில் சரியாக இருந்து நடுவில் அரை அங்குலம் தடித்துப் போயிருந்தது. மூன்றாவதை அறுக்கும்போது வெட்டுவாயிலிருந்து புகை கிளம்பியது. இயந்திரத்தில்தான் கோளாறு என்று முடிவு செய்து திருகாணிகளைக் கழற்றத் தொடங்கினேன்.

என் தாய்மாமா மர ஆலையில் ரம்பம் தீட்டியே காலம் கழித்தவர். அவர் வந்ததும் இயந்திரத்தின் பக்கமே திரும்பவில்லை. கட்டைக்கு அடியில் குவிந்திருந்த தூளில் ஒரு பிடி அள்ளி, கட்டைவிரலால் தேய்த்தார். "மாப்பிள்ளை, அந்தத் திருகாணியை விடு. அரத்தை எடு" என்றார். ஒருபக்கப் பல் மழுங்கியிருந்தது. நான் கண்ட இரண்டு கோளாறுகளுக்கும் காரணம் அது ஒன்றுதான்.

அன்று முதல் நான் கடைப்பிடிக்கும் வழி இது: எதையும் கழற்றுவதற்கு முன்னால் தூள், வெட்டு முகம், சத்தம் ஆகிய மூன்றையும் படிப்பது. கோளாறு இந்த மூன்றில் ஒன்றில் கட்டாயம் தன் அடையாளத்தை விட்டிருக்கும். அதனால் கீழே உள்ளவற்றை இயந்திரத்தின் பாகங்களாகப் பிரிக்காமல், கண்ணில் படும் அறிகுறிகளாகவே எழுதியிருக்கிறேன். உங்கள் அறிகுறியைத் தேடி நேராக அங்கே போகலாம்.

நான் சொல்வது செயின்சாவில், கட்டையின் மேல் சறுக்கிப் போய்ப் பலகையின் தடிப்பை நிர்ணயிக்கும் அறுப்புச் சட்டத்தைப் பூட்டி, கட்டையைப் படுக்கவைத்து நீளவாக்கில் அறுக்கும் முறை. 90 சிசிக்குக் குறைந்த இயந்திரத்தை வைத்து இத்தனை அகலக் கட்டையை அறுக்க முயல வேண்டாம். ஸ்டில் எம்எஸ் 661 (91.1 சிசி), ஹஸ்க்வார்னா 395 (93.6 சிசி) போன்றவை இந்த வேலைக்கு வரும். சங்கிலியும் நீளவாக்கு அறுப்புக்கானதாக இருக்க வேண்டும். குறுக்கே வெட்டும் சங்கிலியில் பல்லின் மேல்முகம் 30 பாகை அளவில் சாய்ந்திருக்கும். நீளவாக்குச் சங்கிலியில் அது சுமார் 10 பாகைதான். பெரிய கட்டையில் பாதிப் பிரச்சினை, பொருத்தமில்லாத சங்கிலியைப் போட்டதால் வருவது.

கட்டை உருளாமல் இருபுறமும் ஆப்பு வைத்திருக்கிறீர்களா என்பதை ஒவ்வொரு பலகைக்கும் முன்னால் பாருங்கள். பலகை ஒன்று போனதும் கட்டையின் எடை மாறிவிடும். காலையில் அசையாமல் கிடந்தது மதியம் உருளலாம். காதுக்கவசம், கண்ணாடி, தூள் முகமூடி மூன்றும் வேண்டும். அங்சானாத் தூள் மூக்கில் ஏறினால் தும்மல் நிற்காது.

தூள் மாவாக விழுகிறது, தள்ளினால்தான் நகர்கிறது

நீளவாக்கு அறுப்பில் தூள் எப்போதும் சற்று மென்மையாகவே இருக்கும். குறுக்கே வெட்டும்போது தெறிக்கும் பெரிய சீவல்களை இங்கே எதிர்பார்க்கக் கூடாது. நல்ல தூளை விரலிடுக்கில் தேய்த்தால் ரவையைப் போல் நெருடும். மழுங்கிய பல்லின் தூள் கோதுமை மாவைப் போல வழுக்கும், தோலில் ஒட்டிக்கொள்ளும், சில சமயம் வெதுவெதுப்பாகவும் இருக்கும். கூடவே, சட்டத்தின் மேல் உங்கள் மார்பைச் சாய்த்துத் தள்ளிக்கொண்டிருப்பதை உணர்வீர்கள். சங்கிலி கூர்மையாக இருந்தால் சட்டத்தில் கை வைத்தாலே போதும், தானாக இழுத்துக்கொண்டு போகும்.

அரம் போடுங்கள். 34 அங்குல அகலத்துக்கு நான் ஒவ்வொரு பலகைக்கும் ஒரு முறை அரம் போடுகிறேன். நேர வீணாகத் தெரியும். ஆனால் மழுங்கிய சங்கிலியில் ஒரு பலகைக்கு ஆகும் கூடுதல் நேரம் அதைவிட அதிகம். முதல் பல்லில் மையால் ஒரு புள்ளி வைத்துவிட்டு, எல்லாப் பற்களுக்கும் ஒரே எண்ணிக்கையில் அரத்தை இழுங்கள். மூன்று என்றால் எல்லாவற்றுக்கும் மூன்று. மூன்று நான்கு தடவை அரம் போட்ட பிறகு, பல்லுக்கு முன்னால் நிற்கும் மேட்டையும் அளவுகோல் வைத்துப் பாருங்கள். பல்லின் முனைக்கும் மேட்டுக்கும் இடையே சுமார் 0.65 மில்லிமீட்டர் வித்தியாசம் இருக்க வேண்டும். அது குறைந்துவிட்டால் பல் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் மரத்தைக் கவ்வாது, மாவுதான் வரும்.

அரம் போட்ட ஐந்தாவது நிமிடமே மறுபடி மாவு வருகிறதா? பட்டையைப் பாருங்கள். தரையில் இழுத்து வரப்பட்ட கட்டையின் பட்டையில் மணல் ஏறியிருக்கும். மணல் பல்லைத் தின்றுவிடும். பாராங் கத்தியால் பட்டையைச் செதுக்கி எடுங்கள். முடியாவிட்டால் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். இதைச் செய்யாமல் சங்கிலியைக் குறை சொல்வதில் பயனில்லை.

பலகையின் நடு தடித்திருக்கிறது அல்லது மெலிந்திருக்கிறது

எனக்கு வந்த கோளாறு இது. இதைப் புரிந்துகொண்டால் மற்றவற்றில் பாதி தானாகப் புரியும் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

செயின்சாவைச் சட்டத்தில் பூட்டும்போது, சங்கிலி சுற்றி ஓடும் நீண்ட தகடான 'பார்' படுத்துக்கொள்கிறது. அப்போது சங்கிலியின் பற்களில் ஒரு வரிசை மேல்நோக்கியும் மறு வரிசை கீழ்நோக்கியும் அறுக்கின்றன. இரண்டும் ஒரே கூர்மையில், ஒரே நீளத்தில் இருந்தால் பார் நேராகப் போகும். ஒரு வரிசை மழுங்கிவிட்டால், கூர்மையான வரிசையின் பக்கமாகப் பார் இழுபடும். பாரின் இரு முனைகளையும் சட்டம் இறுக்கிப் பிடித்திருப்பதால் முனைகள் நகராது. நடுப்பகுதிதான் வில்லாக வளையும். மேல்வரிசை கூர்மையாக இருந்தால் பார் மேலே வளைந்து, பலகை நடுவில் மெலியும். கீழ்வரிசை கூர்மையாக இருந்தால் பார் கீழே தாழ்ந்து, பலகை நடுவில் தடிக்கும். என் பலகை தடித்திருந்தது. ஆக, மேல்வரிசைதான் மழுங்கியிருந்தது. கட்டையில் ஒரு நேர்ச்சட்டத்தைக் குறுக்கே வைத்துப் பார்த்தால் இதை ஒரு நொடியில் படித்துவிடலாம்.

ஒரு வரிசை மட்டும் ஏன் மழுங்குகிறது? பெரும்பாலும் நம் கையால்தான். வலது கைக்காரர்களுக்கு ஒரு பக்கத்துப் பற்களுக்கு அரம் போடுவது வசதி; மறுபக்கம் மணிக்கட்டு மடங்கும், அழுத்தம் குறையும். பத்துத் தடவை அரம் போட்ட பிறகு ஒரு பக்கத்துப் பற்கள் கண்ணுக்கே தெரியும்படி குட்டையாகிவிடும். நழுவு அளவுகோலை எடுத்து, ஒவ்வொரு பல்லின் மேல்முக நீளத்தையும் அளந்து, மிகக் குட்டையான பல்லின் அளவுக்கு மற்ற எல்லாவற்றையும் கொண்டுவாருங்கள். மனம் வராது, நல்ல பல்லைத் தேய்க்கிறோமே என்று இருக்கும். ஆனாலும் செய்யுங்கள்.

பற்கள் சமமாக இருந்தும் பார் இழுபடுகிறது என்றால், கோளாறு பாரில் இருக்கிறது. சங்கிலியைக் கழற்றி, பாரின் விளிம்பில் விரலை மெதுவாக ஓட்டுங்கள். பிசிர் இருந்தால் தட்டை அரத்தால் நீக்குங்கள். பிறகு பாரைச் சமதளத்தில் நிமிர்த்தி, மூலைமட்டம் வைத்துப் பாருங்கள். இரண்டு விளிம்புகளும் ஒரே உயரத்தில் இல்லையென்றால் சங்கிலி ஒருபக்கமாகச் சாய்ந்தே ஓடும். விளிம்பைச் சமமாகத் தீட்ட வேண்டும். பாரின் நடுப்பள்ளம் அகன்றுபோய், சங்கிலியைக் கையால் ஆட்டினால் இடவலமாக ஆடுகிறது என்றால் அந்தப் பாரைக் குறுக்கு வெட்டு வேலைக்கு ஒதுக்கிவிடுங்கள். பலகை அறுக்க அது இனி உதவாது.

எல்லாப் பலகையிலும் அதே இடத்தில் அதே மேடு

பலகைகளை வரிசையாகப் பக்கம் பக்கமாக நிறுத்திப் பாருங்கள். மேடு பலகைக்குப் பலகை இடம் மாறினால் சங்கிலியிலோ தள்ளும் கையிலோ கோளாறு. எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் இருந்தால் அது முதல் வெட்டிலிருந்து வந்த பரம்பரைக் கோளாறு.

முதல் வெட்டுக்கு மட்டும்தான் ஏணியையோ நேர்ச்சட்டத்தையோ வழிகாட்டியாகக் கட்டையின் மேல் வைக்கிறோம். இரண்டாவது வெட்டு முதல் வெட்டின் முகத்தின் மேல் சறுக்கிப் போகிறது. மூன்றாவது இரண்டாவதின் மேல். ஆகவே அலுமினிய ஏணி நடுவில் கால் அங்குலம் தொய்ந்திருந்தால், அந்தத் தொய்வு கடைசிப் பலகைவரை போகும். ஏணியின் இரு முனையை மட்டும் தாங்கி நிறுத்தாதீர்கள். நடுவிலும் இரண்டு இடத்தில் மரத்துண்டு கொடுத்துத் திருகாணி போடுங்கள். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நூல் கட்டிப் பாருங்கள். ஏணியின் இரு முனைகளிலும் குறுக்கே ரசமட்டம் வையுங்கள். இரண்டிலும் குமிழி ஒரே இடத்தில் நிற்க வேண்டும். அப்படி இல்லாவிட்டால் எல்லாப் பலகையும் முறுக்கிக்கொண்டு வரும். அதைக் காயும்போது வந்த முறுக்கு என்று பிறகு தவறாக நினைப்பீர்கள்.

கோளாறு ஏற்கெனவே கட்டையில் இறங்கிவிட்டதா? ஏணியை மறுபடி பூட்டி, அரை அங்குலத்துக்கு ஒரு மெல்லிய சீவலாக முகத்தை எடுத்துவிடுங்கள். அரை அங்குல மரம் போகும். இல்லையென்றால் ஒவ்வொரு பலகையிலும் அதே அரை அங்குலத்தை இழைப்பு எந்திரத்தில் இழப்பீர்கள்.

தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும் பலகை சரிந்திருந்தால், வழிகாட்டி கட்டையைவிடக் குட்டையாக இருக்கிறது. இரு முனையிலும் ஓர் அடி வெளியே நீண்டிருக்க வேண்டும்.

வெட்டு முகத்தில் குறுக்கே அலையலையாக வரிகள்

மெல்லிய வரிகள் இருந்தே தீரும். விரலில் தட்டும் அளவுக்குப் படிகள் இருந்தால், நீங்கள் நின்று நின்று தள்ளியிருக்கிறீர்கள், அல்லது இயந்திரத்தை முன்னும் பின்னும் ஆட்டியிருக்கிறீர்கள். கட்டையின் தொடக்க முனையை ஐந்தாறு அங்குலம் உயர்த்தி வைத்துப் பாருங்கள். இயந்திரம் தன் எடையிலேயே இறங்கி வரும், கைக்கு வேலை குறையும். இடையில் நிறுத்தாமல் ஒரே வேகத்தில் போவதுதான் இதற்கு மருந்து.

புகை வருகிறது, பார் சிக்குகிறது

பல் மழுங்கவில்லை என்றால், புகைக்குக் காரணம் இரண்டில் ஒன்று: வெட்டுவாய் மூடிக்கொண்டு பாரை நெரிக்கிறது, அல்லது எண்ணெய் பாரின் முனைவரை போய்ச் சேரவில்லை.

முதலாவதற்கு ஆப்பு வேண்டும். ஒன்றரை, இரண்டு அடிக்கு ஒன்று வீதம், வெட்டுவாய்க்குள் இருபுறமும் செருகிக்கொண்டே போங்கள். மர ஆப்போ பிளாஸ்டிக் ஆப்போதான்; இரும்பு ஆப்பு சங்கிலியில் பட்டால் என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பலமாக அடிக்காதீர்கள், பலகை கிளம்பினால் வெட்டு கோணும்.

இரண்டாவதற்கு, பாரின் முனைப்பக்கம் ஒரு சிறு எண்ணெய்ப் புட்டியைத் தனியாகப் பொருத்திச் சொட்ட விடுங்கள். மூன்று அடிப் பாருக்கு இயந்திரத்தின் எண்ணெய் போதவே போதாது. செம்பனைச் சமையல் எண்ணெயை ஊற்றுகிறவர்கள் இங்கே பலர். மலிவாகக் கிடைக்கிறது, மரத்தையும் கெடுப்பதில்லை. ஆனால் வேலை முடிந்து இரண்டு வாரம் அப்படியே வைத்துவிட்டால் பிசினாகி இறுகிவிடும். அன்றே துடையுங்கள். கழித்த என்ஜின் எண்ணெயை ஊற்றுவதை நான் கண்ணால் பார்க்கவும் விரும்பவில்லை. மரம் கறுக்கும், அந்த மேசையில் நாளை ஒரு குழந்தை சோறு வைத்துச் சாப்பிடும்.

இயந்திரம் கீச்சிட்டு, பிறகு ஓய்ந்துபோகிறது

காற்று வடிகட்டியை முதலில் பாருங்கள். ஒரு பலகை முடிவதற்குள் அடைத்துக்கொள்ளும். அது சுத்தமாக இருந்தால், பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்து ஓடுகிறது என்று பொருள். பலகை அறுக்கும் இயந்திரம் பத்துப் பதினைந்து நிமிடம் முழு வேகத்தில் மூச்சுவிடாமல் ஓடுகிறது. மரம் வெட்டும்போது அப்படி ஓடுவதில்லை. ஆகவே கார்புரேட்டரைச் சற்று எரிபொருள் கூடுதலாகப் போகும்படி திருப்பிவைக்க வேண்டும். எண்ணெய்க் கலவை 50-க்கு 1, அதற்கு மேல் நீர்க்கச் செய்யாதீர்கள். வெட்டு முடிந்ததும் சட்டென அணைக்காமல் ஒரு நிமிடம் மெதுவாக ஓடவிட்டு அணையுங்கள்.

ஊதாக் கறுப்பில் ஒரு கோடு, பிறகு தீப்பொறி

ஆணி. வீட்டு வாசலில், சாலையோரத்தில், கோயில் பக்கத்தில் நின்ற மரத்தில் ஆணி இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். வாடகை வீட்டு அட்டை, மின்விளக்குச் சரம், தண்ணீர்ப் பந்தலின் துணி என்று எல்லாவற்றுக்கும் மரத்தில்தான் ஆணி அடிக்கிறோம். மரம் அதை மூடிக்கொண்டு வளர்ந்துவிடும்.

தீப்பொறிக்கு முன்னால் மரமே எச்சரிக்கிறது. இரும்பு மரத்தின் துவர்ப்புச் சத்தோடு சேர்ந்து கறுப்பு மை போன்ற கறையை உண்டாக்கும். அந்தக் கறை ஆணியிலிருந்து நாரின் போக்கில் மேலும் கீழும் நீளும். கட்டையின் முனையில் அப்படி ஒரு புள்ளி தெரிந்தால், அதே நேர்கோட்டில் உள்ளே எங்கோ இரும்பு இருக்கிறது. கையடக்க உலோகம் காட்டும் கருவியை ஒவ்வொரு முகத்திலும் ஓட்டிப் பாருங்கள். கருவி ஆழமாகப் பார்க்காது. ஆகவே ஒவ்வொரு பலகையை எடுத்த பிறகும் புது முகத்தில் மறுபடி ஓட்டுங்கள். ஆணியை உளியால் தோண்டி எடுத்துவிட்டு, அரம் போட்டுவிட்டு, பிறகு தொடருங்கள். ஒரு வரிசைப் பற்கள் மட்டும் அதிகமாக அடிபட்டிருக்கலாம் என்பதை மறக்காதீர்கள். அரம் போடாமல் தொடர்ந்தால், மேலே சொன்னபடி பலகையின் நடு தடிக்கும் அல்லது மெலியும்.

கறையை என்ன செய்வது? ஆக்சாலிக் அமிலக் கரைசல் மங்கச் செய்யும். கையுறை இல்லாமல் தொடக் கூடாத நஞ்சு அது. நான் கறையை அப்படியே விட்டுவிடுவேன். அந்த மரம் யார் வீட்டு வாசலில் நின்றது என்பதற்கு அது சாட்சி.

என்ன மரம் என்றே சந்தேகமாக இருக்கிறது

வெட்டிய கட்டை பட்டை உரிந்து கிடந்தால் இந்தச் சந்தேகம் வரும். பினாங்கில் சாலையோரத்திலிருந்து வருபவை பெரும்பாலும் அங்சானா, தூங்குமூஞ்சி, மகோகனி. தூங்குமூஞ்சியை மலாய்க்காரர்கள் 'பூக்குல் லீமா' என்பார்கள். மாலை ஐந்து மணிக்கு இலையை மூடிக்கொள்ளும் மரம். அதன் வைரம் (உள்மரம்) பழுப்பாகவும் வெளிறு (பட்டையை ஒட்டிய வெளிமரம்) மஞ்சள் கலந்த வெள்ளையாகவும் தெளிவாகப் பிரிந்து தெரியும். காயும்போது மிகக் குறைவாகவே சுருங்கும்.

அங்சானா நம் வேங்கைக்கு உறவு. பச்சை மரத்தின் பட்டையைக் கீறினால் வேங்கையைப் போலவே சிவந்த பால் கசியும். ஊரில் குழந்தைகளுக்கு வேங்கைப் பாலால் பொட்டு வைத்த பாட்டிமார்களுக்கு அதைப் பார்த்தால் அடையாளம் தெரியும். இன்னொரு சோதனையும் உண்டு. அங்சானாத் தூள் விழுந்த வாளியில் ஒருநாள் இரவு மழைத்தண்ணீர் சேர்ந்திருந்தது. காலையில் ஒரு கண்ணாடிக் குவளையில் அதை மொண்டு வெயிலில் பிடித்தேன். ஒளி ஊடுருவும் பக்கம் தேநீர்ப் பொன்னிறம். குவளையைச் சற்றுத் திருப்பினால் விளிம்பில் மயில்கழுத்து நீலம் ஒளிர்ந்தது. கறுப்புத் துணியைப் பின்னால் பிடித்தபோது நீலம் இன்னும் துலங்கியது. அங்சானா வைரத்தின் சாறு இப்படி ஒளிரும். சுமார் 400 ஆண்டுகளுக்கு முன்னால் ஐரோப்பியர்கள், இம்மரத்தில் கடைந்த குவளைகளில் தண்ணீர் ஊற்றி, சிறுநீரக நோய்க்கு மருந்து என்று குடித்தார்கள்.

பலகை கட்டையிலிருந்து பிரிந்ததும் வில்லாக எழும்புகிறது

சங்கிலி மேல் குற்றமில்லை. சாய்ந்து வளர்ந்த மரமும் பெரிய கிளையும் தமக்குள் விசையைப் பூட்டி வைத்திருக்கும். அறுத்ததும் அது விடுபடுகிறது. கட்டையின் முனையைப் பாருங்கள். வளையங்களின் நடுப்புள்ளி நட்டநடுவில் இல்லாமல் ஓரமாக ஒதுங்கியிருந்தால், இந்தக் கட்டை இப்படித்தான் செய்யும் என்று முன்பே தெரிந்துகொள்ளலாம்.

ஒரே பக்கத்திலிருந்து தொடர்ந்து அறுக்காமல், இரண்டு பலகை எடுத்ததும் கட்டையை 180 பாகை திருப்பி மறுபக்கத்தில் எடுங்கள். ஒவ்வொரு தடவையும் வெட்டு முகத்தில் நேர்ச்சட்டம் வைத்துப் பாருங்கள். கட்டையும் எதிர்ப்பக்கம் வளைந்திருக்கும். வளைந்திருந்தால் ஏணியை மறுபடி பூட்டி முகத்தை நேராக்காமல் அடுத்த பலகை எடுக்காதீர்கள். பலகையின் தடிப்பையும் கூட்டுங்கள். 2 அங்குல மேசைக்கு நான் இரண்டரை அங்குலமாக அறுப்பேன். இத்தகைய கட்டையில் மூன்று. சங்கிலி ஒவ்வொரு வெட்டிலும் எட்டு ஒன்பது மில்லிமீட்டரைத் தின்றுவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள். பத்து வெட்டுக்கு ஒரு பலகைக்கும் மேல் தூளாகிப் போகிறது.

மரத்தின் நட்டநடு நெட்டி எந்தப் பலகையில் விழுகிறதோ அது வெடிக்கும். அதை ஒரே பலகைக்குள் அடக்கி, பிறகு நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து நெட்டியை எடுத்துவிடுங்கள். இரண்டு நல்ல பலகை மிஞ்சும்.

முனையில் வெடிப்பு

இதற்கு மட்டும் பிறகு மருந்தில்லை, முன்னால்தான் உண்டு. மரத்தின் ஈரம் பக்கவாட்டைவிட முனை வழியாகப் பல மடங்கு வேகமாக வெளியேறும். முனை சுருங்கும், உள்ளே சுருங்காது, நடுவில் பிளக்கும். மரம் விழுந்த அன்றே இரு முனைக்கும் மெழுகுப் பூச்சோ, கெட்டியான சுவர்ப் பெயிண்டோ இரண்டு கை அடியுங்கள். கிளை பிரியும் கவட்டையிலும் அடியுங்கள். அங்கே நார் எல்லாத் திசையிலும் ஓடுவதால் முகமே வெடிக்கும். மறுநாள் காலை என்று தள்ளிப்போட்டால், பினாங்கு வெயிலில் மறுநாள் மாலைக்குள் கோடு விழுந்துவிடும்.

வாங்கும்போதே தேவையைவிட இரு முனையிலும் ஆறு அங்குலம் கூடுதலாகக் கேளுங்கள். வெடித்த பலகை கிடைத்துவிட்டால், காய்ந்து முடியும்வரை தொடாதீர்கள். வெடிப்பு எங்கே நிற்கிறது என்று தெரிந்த பிறகு, வெட்டி எறிவதா, பட்டாம்பூச்சி வடிவ மரத்துண்டைக் குறுக்கே பதித்துப் பிடிப்பதா என்று முடிவு செய்யலாம்.

இரண்டே வாரத்தில் சாம்பல் நீலப் பூஞ்சை

காற்று போதவில்லை. ஈரம் 20 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும்வரை பூஞ்சைக்குக் கொண்டாட்டம். அறுத்த அன்றே பலகையின் தூளைத் துடைப்பத்தால் பெருக்கி எடுங்கள். ஈரத் தூள்தான் அதற்குப் படுக்கை. பலகைகளுக்கு இடையே ஓர் அங்குல இடைச்சட்டங்களை ஒன்றரை அடிக்கு ஒன்றாக வையுங்கள். சட்டங்கள் காய்ந்த மரமாக இருக்க வேண்டும். பச்சைச் சட்டம் வைத்தால் அது பட்ட இடமெல்லாம் பட்டையாகக் கறை விழும், இழைத்தாலும் போகாது. எல்லாத் தட்டிலும் சட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று நேராக நிற்க வேண்டும். விலகி நின்றால் பலகை அந்த இடத்தில் தொய்ந்து நிரந்தரமாக வளையும். அடுக்கின்மேல் பாரம் ஏற்றுங்கள். அங்சானாவின் நார் பின்னிப் பின்னி ஓடுவது, பாரமில்லாவிட்டால் முறுக்கும்.

கித்தானால் இறுக மூடாதீர்கள். கூரை வேண்டும், சுவர் வேண்டாம். நாள் பார்ப்பதும் முக்கியம். பினாங்கில் செப்டம்பர், அக்டோபர் கனமழை. டிசம்பர் முதல் பிப்ரவரிவரை வறண்ட காலம். தீபாவளி மழை ஓய்ந்து தைப்பூசத்துக்குள் அறுத்துவிட்டால் பூஞ்சைத் தொல்லை பெருமளவு குறையும். ஆனால் அந்த மாதங்களின் காற்று முனைகளை வேகமாகக் காயவைக்கும் என்பதால் பூச்சில் கஞ்சத்தனம் கூடாது.

குண்டூசித் துளைகள்

துளையைச் சுற்றிக் கறுப்பு வளையம் இருக்கிறதா, புதுத் தூள் விழவில்லையா? பச்சை மரத்தில் புகுந்து பூஞ்சை வளர்க்கும் வண்டு அது. மரம் காய்ந்ததும் தானாகச் செத்துவிடும். துளை நிற்கும், சேதம் வளராது. கட்டையாக நீண்ட நாள் போட்டு வைத்ததன் அடையாளம் இது. அடுத்த கட்டையைச் சீக்கிரம் அறுங்கள்.

காய்ந்த பலகையில், வெளிறுப் பகுதியில் மட்டும், கறையில்லாத சுத்தமான துளை. கீழே முகப்பவுடரைப் போல வழவழப்பான தூள் சிறு குவியலாக. இது வேறு ஆள். காய்ந்த மரத்தின் மாவுச்சத்தைத் தின்று, தலைமுறை தலைமுறையாக அங்கேயே குடியிருக்கும். அந்தப் பலகையை உடனே மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள். சூட்டு அறையில் பலகையின் நடுப்பகுதி 56 பாகை செல்சியஸுக்கு ஏறி அரை மணி நேரம் நின்றால் புழுவும் முட்டையும் சாகும். அந்த வசதி இல்லையென்றால் வெளிற்றை முழுவதும் செதுக்கி எறியுங்கள். வராமல் தடுக்க, அறுத்த அன்றே ஈரம் இருக்கும்போதே போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த கரைசலைப் பூசுங்கள். ஈரத்தின் வழியே உள்ளே இறங்கும். மழை பட்டால் கழுவிக்கொண்டு போய்விடும்.

கொட்டகையில் நேராக இருந்தது, வாடிக்கையாளர் வீட்டில் வளைந்தது

மிகவும் மனம் நோகும் கோளாறு இது. மேசை வீட்டுக்குப் போன பிறகு வருவதால். பினாங்கின் காற்று ஈரத்தில், திறந்த கொட்டகையில் எத்தனை ஆண்டு வைத்தாலும் மரம் 16 விழுக்காட்டுக்குக் கீழே எளிதில் இறங்காது. குளிர்சாதனம் ஓடும் அடுக்குமாடி வீட்டில் அது 11, 12-க்கு இறங்கும். 30 அங்குல அகலப் பலகை அந்த ஐந்து விழுக்காட்டில் கால் அங்குலம்வரை சுருங்கலாம். மேசையின் காலை இறுக்கமாகத் திருகியிருந்தால் மரத்துக்கு வெடிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

ஈரம் காட்டும் மீட்டரை மேற்பரப்பில் மட்டும் குத்தி ஏமாறாதீர்கள். பலகையின் முனையிலிருந்து ஓர் அடி உள்ளே தள்ளி ஒரு துண்டு அறுத்து, வெட்டிய புது முகத்தின் நடுவில் குத்துங்கள். வெளியே 14 காட்டும் பலகை உள்ளே 22 காட்டியதைப் பார்த்திருக்கிறேன். கொட்டகையில் காய்ந்த பிறகு சூட்டு அறைக்கு அனுப்பி 11-க்குக் கொண்டுவருவதுதான் சரியான வழி. மேல்முகத்துக்கு மட்டும் வார்னிஷ் அடித்து அடிமுகத்தை விட்டுவிட்டால் ஈரம் ஒரு பக்கமாகப் போய்வரும், பலகை குழியும். இரு முகத்துக்கும் ஒரே எண்ணிக்கையில் அடியுங்கள். காலைப் பூட்டும் துளைகளை அகலவாக்கில் நீள்துளைகளாகப் போடுங்கள்.

ஏற்கெனவே குழிந்த மேசையா? காலைக் கழற்றி, அடிமுகம் பூசப்படாமல் இருந்தால் பூசாமலே, பலகையை அதே வீட்டில் சுவரோரம் நிறுத்தி, இரு முகத்துக்கும் காற்று படவிட்டுக் காத்திருங்கள். அவசரப்பட்டு இழைத்துவிட்டால், ஈரம் சமமான பிறகு எதிர்ப்பக்கம் குழியும். ஜெலுத்தோங் அங்சானாவின் நான்காவது பலகை தஞ்சோங் தோக்கோங்கில் ஒரு வீட்டின் வரவேற்பறையில் அப்படி மூன்று வாரம் நின்றது. அந்த வீட்டு அம்மா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மீட்டரைக் குத்தி எண்ணைச் சொன்னார்: 14, 13, 12. குழிவில் பாதி தானாகவே நிமிர்ந்தது. நான்காவது வெள்ளியன்று 11 என்றார். மறுநாள் இழைப்புளியோடு போய், மிச்சத்தை அங்கேயே இழைத்து, இரு முகத்துக்கும் வார்னிஷ் பூசிவிட்டு வந்தேன். பூச்சு இறுகியதும் காலைப் பூட்டினேன்.